என்சான்ட்மென்ட்ஸ் ஏரிகளும் லிட்டில் அன்னபூர்ணா உச்சியும்: இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் முடியும்போதே சியாட்டில் பக்கம் இருக்கிற நம் ஆட்களிடமிருந்து எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். தமிழ்ப் பள்ளி வாசலில், பிறந்தநாள் விழாவில், இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில். கேட்பவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. நான்கு முறை முழுப் பாதையையும் நடந்திருக்கிறேன், இரண்டு முறை பாதியில் திரும்பியிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து, கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்துத் தொகுத்திருக்கிறேன்.

"என்சான்ட்மென்ட்ஸ்ங்கிறது ஏரியோட பேரா, மலையோட பேரா?"

இரண்டும் சேர்ந்த ஓர் இடம். வாஷிங்டன் மாநிலத்தில் கேஸ்கேட் மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், லெவன்வர்த் ஊருக்கு மேலே, கருங்கல் சிகரங்களுக்கு நடுவில் படிப்படியாக அடுக்கிய மாதிரி ஏரிகள் கிடக்கின்றன. பனியாறுகள் பாறையைச் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களில் தேங்கிய நீர் அது. 1976-இல் சட்டம் போட்டுப் பாதுகாத்த ஆல்பைன் லேக்ஸ் வனப்பகுதியின் ஒரு துண்டு. அந்த வனப்பகுதி முழுவதிலும் எழுநூறுக்கு மேற்பட்ட ஏரிகளும் குட்டைகளும் உண்டு. உள்ளே மோட்டார் வண்டிக்கு மட்டுமல்ல, சைக்கிளுக்கும் அனுமதி இல்லை.

முதலில் வருவது கோல்சக் ஏரி. இந்தப் பக்கத்துப் பழங்குடிகளும் வணிகர்களும் பேசிய சினூக் வணிக மொழியில் அந்தப் பெயருக்குக் குளிர்ந்த நீர் என்று பொருள். கையை விட்டுப் பார்த்தால் ஏன் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று புரியும். அதன் தெற்குக் கரையில் ஆஸ்கார்ட் கணவாய் செங்குத்தாக எழுகிறது. ஏறினால் மேல் தளம். அங்கிருந்து ஐசொலேஷன், இன்ஸ்பிரேஷன், பெர்ஃபெக்ஷன், லெப்ரகான், விவியன் என்று ஏரி ஏரியாக இறங்கி, ஸ்னோ ஏரிகள், நாடா ஏரி வழியாகப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர வேண்டும்.

"ஏன் எல்லாரும் செப்டம்பர் கடைசியிலயே போகணும்னு துடிக்கிறாங்க?"

லார்ச் மரத்துக்காக. ஊசியிலை மரம் என்றால் வருஷம் முழுக்கப் பச்சையாக இருக்கும் என்றுதான் பள்ளியில் படித்தோம். லார்ச் ஊசியிலை மரம்தான், ஆனாலும் குளிர்காலத்துக்கு முன் எல்லா இலைகளையும் உதிர்த்துவிடும். உதிர்வதற்கு முன் பச்சையம் குறைந்து, ஊசிகள் முழுக்கப் பொன் மஞ்சளாகின்றன. இங்கே வளர்வது உயரமான இடங்களில் மட்டும் காணப்படும் இனம். கறுத்த பாறை, நீலத் தண்ணீர், நடுவில் வெயில் பட்ட லார்ச். முதல் தடவை பார்த்தபோது நான் கால் மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் இரண்டாம் வாரம் வரை நிறம் இருக்கும். ஒரு பலத்த காற்றோ பனிப்பொழிவோ வந்தால் சீக்கிரமே உதிர்ந்துவிடும். அந்தப் பருவத்தில் கொசுத் தொல்லையும் இல்லை, கணவாயில் பழைய பனியும் வருஷத்திலேயே குறைவாக இருக்கும்.

"கோல்சக் ஏரி வரைக்கும் மட்டும் போனா அந்த மஞ்சள் மரம் தெரியுமா?"

அதிகம் தெரியாது. லார்ச் கூட்டமாக நிற்பது கணவாய்க்கு அப்பால், இன்ஸ்பிரேஷன் ஏரியிலிருந்து விவியன் ஏரி வரை. கோல்சக்கில் பார்க்க வேண்டியது வேறு: 8,840 அடி உயர டிராகன்டெய்ல் சிகரம் தண்ணீரிலிருந்து நேராக எழுந்து நிற்பதும், அந்தத் தண்ணீரின் பச்சை கலந்த நீலமும். அது மட்டுமே ஒரு நாளுக்குப் போதும். மஞ்சள் மரம்தான் வேண்டும், தூரம் குறைவாக இருக்க வேண்டும் என்றால் இன்கால்ஸ் ஏரிக்குப் போங்கள். அதைப் பற்றிக் கீழே, பெற்றோர் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

"லாட்டரில பெர்மிட் கிடைக்கலை. அப்போ போகவே முடியாதா?"

போகலாம். லாட்டரி இரவு தங்குவதற்கு மட்டும். மே 15 முதல் அக்டோபர் 31 வரை கூடாரம் போட வேண்டுமென்றால், பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை அரசின் இணையதளத்தில் விண்ணப்பித்துக் குலுக்கலில் வர வேண்டும். இந்தப் பகுதியை ஐந்து மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாரும் கேட்பது மையப்பகுதியைத்தான், அதனால் அது கிடைப்பதுதான் அரிது.

ஒரே நாளில் போய் வருகிறவர்களுக்கு இலவச பெர்மிட். பாதை தொடங்கும் இடத்தில் உள்ள பெட்டியிலிருந்து படிவம் எடுத்து நிரப்பி, ஒரு பகுதியை அங்கே போட்டுவிட்டு மறுபகுதியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காரை நிறுத்த நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் தனியாக வேண்டும். தேசியப் பூங்காக்களுக்கான ஆண்டு பாஸ் கையில் இருந்தால் அதுவும் செல்லும்.

"ஒரே நாள்ல முடிச்சிடலாமா? எவ்ளோ தூரம்?"

முடிப்பவர்கள் நிறைய. முடிக்க முடியாமல் தவிப்பவர்களும் நிறைய. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 18, 19 மைல். ஸ்டூவர்ட் ஏரிப் பாதை தொடங்கும் இடம் சுமார் 3,400 அடியில். கணவாய் 7,800 அடி. முடியும் இடமான ஸ்னோ ஏரிகளின் வாசல் 1,300 அடி. அதாவது கணவாயிலிருந்து கார் நிற்கும் இடம் வரை 6,500 அடி இறக்கம். பத்து முதல் பதினான்கு மணி நேரம் ஆகும்.

ஒரு சோதனை சொல்கிறேன். போவதற்கு முன் இரண்டு மாதத்துக்குள், பத்துப் பன்னிரண்டு மைலும் 3,500 அடி ஏற்றமும் உள்ள ஒரு மலையை ஏறி இறங்குங்கள். மறுநாள் சாதாரணமாக நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் தயார். தினமும் ஜிம்முக்குப் போகிறேன் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

"எந்தப் பக்கத்துல இருந்து ஆரம்பிக்கணும்?"

கோல்சக் பக்கம். மேலே சொன்ன எண்களைப் பாருங்கள், அந்த வாசல் மற்றதைவிட 2,100 அடி உயரத்தில் இருக்கிறது. செங்குத்தான கணவாயில் இறங்குவதைவிட ஏறுவதுதான் பத்திரமும்கூட.

"ரெண்டு பக்கமும் கார் எப்படி விடறது?"

இரண்டு வாசலுக்கும் நடுவே சாலையில் ஏறக்குறைய 8 மைல். கடைசி 4 மைல் மண் சாலை. இரண்டு கார் இருந்தால் ஒன்றை ஸ்னோ ஏரிகள் வாசலில் விட்டுவிட்டு, இன்னொன்றில் மேலே போகலாம். இல்லையென்றால் லெவன்வர்த்திலிருந்து ஓடும் தனியார் ஷட்டிலில் முன்கூட்டியே இடம் பிடியுங்கள். லார்ச் பருவத்து வார இறுதியில் மேல் வாசலில் விடிவதற்கு முன்பே இடம் நிரம்பிவிடுகிறது. சாலை ஓரத்தில் கண்ட இடத்தில் நிறுத்தாதீர்கள், ஆம்புலன்ஸ் வர வழி வேண்டும். முடிந்தால் செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் லீவு போட்டுப் போங்கள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஆறு மணி ஓகேவா?"

தாமதம். ஜூலையில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்ததே என்ற நினைப்பில்தான் பலரும் கணக்குப் போடுகிறார்கள். செப்டம்பர் கடைசியில் இங்கே ஏழு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைகிறது. அக்டோபர் 10 வாக்கில் ஆறரைக்கே. பள்ளத்தாக்குக்குள் இன்னும் சீக்கிரம் இருட்டிவிடும்.

நான் கடைப்பிடிக்கும் கணக்கு இது. காலை நாலரை, ஐந்துக்குத் தலையில் மாட்டும் ஹெட்லைட் போட்டு நடக்கத் தொடங்குவது. எட்டு மணிக்குள் கோல்சக்கின் தெற்குக் கரை. ஒன்பதுக்குள் கணவாயில் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். பதினொன்றுக்குள் மேலே. பதினொன்றரை தாண்டிவிட்டால் லிட்டில் அன்னபூர்ணா கிடையாது. இந்தக் கணக்கில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அந்த ஒன்பது மணியை வையுங்கள். கணவாய்க்கு மேலே போய்விட்டால் திரும்புவதும் தூரம், முன்னே போவதும் தூரம். திரும்பும் முடிவைச் சுலபமாக எடுக்கக்கூடிய கடைசி இடம் அந்த ஏரிக்கரைதான். குழுவில் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்து, எல்லாரும் உட்கார்ந்து, ஏதாவது சாப்பிட்டபடி அங்கே பேசி முடிவெடுங்கள்.

நான் பாதியில் திரும்பிய இரண்டு முறையும் அந்தக் கரையில் எடுத்த முடிவுதான். ஒரு முறை ஒன்பதரை ஆகிவிட்டது. இன்னொரு முறை கூட வந்த தம்பிக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல், எங்களிடம் சொல்லாமல் வந்திருக்கிறான்.

"ஆஸ்கார்ட் கணவாய்னாலே பயமுறுத்துறாங்களே, நிஜமாவே அவ்ளோ மோசமா?"

காய்ந்த பாறையாக, வெளிச்சம் இருக்கும்போது, நிதானமாக ஏறினால் முடியும். ஆனால் மரியாதை கொடுக்க வேண்டிய இடம். ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் 2,200 அடி ஏறுகிறது. அதற்கு முன் ஏரி ஓரத்தில் கார் அளவுக்குப் பெரிய பாறைகளைத் தாண்டிப் போக வேண்டும். ஊன்றுகோலை மடித்துப் பையில் செருகிவிட்டு, இரண்டு கையையும் பயன்படுத்துங்கள்.

ஒழுங்கான பாதை என்று ஒன்று கிடையாது. கல் மேல் கல் அடுக்கி அடையாளம் வைத்திருப்பார்கள். ஒரு அடையாளத்தில் நின்று அடுத்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகு காலை எடுத்து வையுங்கள். ஏறும்போது இடது பக்கமாகவே இருக்க வேண்டும். வலது பக்கம் நீரோடையும் அருவியும் உண்டு. அங்கே பனி கிடந்தால் அடியில் தண்ணீர் ஓடி உள்ளே வெற்றிடமாக இருக்கும், மேலே கால் வைத்தால் உடைந்து உள்ளே விழுவோம். இந்தக் கணவாயில் உயிரிழப்புகள் நடந்திருக்கின்றன.

அப்புறம், கல் உருளும். ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்காதீர்கள். உங்கள் காலில் பட்டு ஒரு கல் நகர்ந்தால் "ராக்!" என்று உரக்கக் கத்துங்கள். கீழே இருப்பவர் தமிழர் இல்லை, "ஐயோ" என்றால் புரியாது.

"லிட்டில் அன்னபூர்ணாவுக்குக் கயிறு வேணுமா?"

காய்ந்திருக்கும் காலத்தில் வேண்டாம். இந்த வட்டாரத்துச் சிகரங்களில் நடந்தே ஏறக்கூடிய ஒன்று அது. மேல் தளத்துப் பாதையிலிருந்து பிரிந்து, வழுவழுப்பான கருங்கல் பலகைகளிலும் உதிரிக் கற்களிலுமாகச் சுமார் 700 அடி ஏற வேண்டும். போய்வர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். கடைசிக் கொஞ்சத்தில் கையூன்றி ஏற வேண்டியிருக்கும். உச்சி 8,440 அடி. தெற்குப் பக்கம் நேரே இன்கால்ஸ் ஓடைப் பள்ளத்தாக்கில் விழுகிறது, செல்ஃபிக்காக அந்த விளிம்புக்குப் போக வேண்டாம்.

வானம் தெளிவாக இருந்தால் 9,415 அடி ஸ்டூவர்ட் சிகரம் பக்கத்தில், ரெய்னியர் மலை தூரத்தில் வெள்ளையாக. திரும்பிப் பார்த்தால் நடந்து வந்த ஏரிகள், இனி நடக்கப்போகும் ஏரிகள் எல்லாம் ஒரே பார்வையில். அன்னபூர்ணா என்ற பேர் கேட்டு ஒரு பாட்டி என்னிடம் மேலே கோயில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. நான் அங்கே கையில் இருந்த வெல்லத்தைப் பகிர்ந்து கொடுப்பது வழக்கம்.

"தொட்டபெட்டாவே இதைவிட உயரம். அப்புறம் எதுக்கு இவ்ளோ பில்டப்?"

கணக்கு சரிதான். தொட்டபெட்டா 2,637 மீட்டர். லிட்டில் அன்னபூர்ணா சுமார் 2,573 மீட்டர். ஆனால் நீலகிரி பூமத்திய ரேகையிலிருந்து 11 டிகிரி வடக்கே, இது 47 டிகிரிக்கு மேல். ஏறக்குறைய அதே உயரத்தில் ஊட்டிப் பக்கம் தேயிலையும் சோலையும் வளர்கின்றன, இங்கே மரமே நின்றுவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் இரவு உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம், பகலிலும் காற்று அடித்தால் விரல் மரத்துவிடும். உயரத்தால் வரும் தலைவலி, வாந்தி ஒரு சிலருக்கு லேசாக வரலாம், இந்த உயரத்தில் அது பெரிய ஆபத்து இல்லை. பெரிய ஆபத்து வியர்வையும் காற்றும் சேர்ந்த குளிர்.

அதனால் பருத்தி டி-ஷர்ட், ஜீன்ஸ் இரண்டும் வேண்டாம். நனைந்தால் காயாது. உள்ளே செயற்கை இழை அல்லது மெரினோ கம்பளி, நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், பையில் பஞ்சு அடைத்த மாதிரி கனமான பஃபர் ஜாக்கெட் ஒன்று. குல்லாவும் கையுறையும் வெயில் அடிக்கிற நாளிலும் கட்டாயம்.

"ஷூ புதுசா வாங்கணுமா?"

அடிப்பிடி நன்றாக உள்ள, ஏற்கனவே ஐம்பது மைலாவது நடந்து பழகிய காலணி எதுவானாலும் சரி. அந்த வாரம் வாங்கிய புது பூட்டைப் போட்டுக்கொண்டு வருவதுதான் தவறு.

"சாப்பாட்டுக்கு என்ன கொண்டு போறது?"

புளியோதரை. எத்தனையோ எனர்ஜி பார் தின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஆறினாலும் ருசி மாறாது, எண்ணெய் உண்டு, உப்பு உண்டு, வேர்க்கடலை உண்டு. தயிர் சாதம் குளிரில் இறங்காது. சப்பாத்தியில் பொடி தடவிச் சுருட்டியது, முறுக்கு, கடலை மிட்டாய், பேரீச்சை எல்லாம் நல்லது. பெரிதாக ஒரு வேளை சாப்பிடாமல் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள்.

கறிவேப்பிலை, மிளகாய், ஆரஞ்சுத் தோல் எதையும் கீழே போடாதீர்கள். அந்தக் குளிரில் மக்கிப்போக நெடுநாள் ஆகும், விலங்குகளும் தேடி வரும். தண்ணீர் வழியெங்கும் உண்டு, ஆனால் வடிகட்டி இல்லாமல் குடிக்க வேண்டாம். கண்ணாடி மாதிரித் தெரிகிற தண்ணீரிலும் வயிற்றைக் கெடுக்கிற ஜியார்டியா கிருமி இருக்கலாம்.

"அந்த வெள்ளை ஆடு கிட்ட வந்தா என்ன பண்றது?"

வரும். மலை ஆடுகளுக்கு உப்பு மேல் அடங்காத ஆசை. மனித மூத்திரத்திலும் வியர்வை பட்ட பை வாரிலும் உள்ள உப்புக்காகப் பின்னாலேயே வரும். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் கொம்பு கூர்மையானது. 2010-இல் இதே மாநிலத்தின் ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஒருவர் மலை ஆடு குத்தி இறந்திருக்கிறார். ஐம்பது கஜம் தள்ளியே இருங்கள். நெருங்கினால் நீங்கள் விலகுங்கள், விடாமல் வந்தால் சத்தம் போட்டுக் கையை வீசுங்கள். சிறுநீர் கழிக்கப் பாதையை விட்டுத் தள்ளிப் போய், செடியில் இல்லாமல் வெறும் பாறையில் கழியுங்கள். செடியில் கழித்தால் ஆடு உப்புக்காக அதை வேரோடு பிடுங்கித் தின்னும்.

"அக்கா, பாத்ரூமுக்கு என்ன பண்றதுன்னு யாருமே சொல்ல மாட்டேங்கிறாங்க."

பெண்கள் தனியாக வந்து கேட்பது இதைத்தான், கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஏரிகளுக்குப் பக்கத்தில் ஆங்காங்கே குழிக் கழிப்பறைகள் உண்டு. சுவரும் கூரையும் எதிர்பார்க்காதீர்கள், மரங்களுக்கு நடுவே ஒரு பெட்டி, அவ்வளவுதான். டிஷ்யூ, கை சுத்திகரிப்பான், பயன்படுத்திய நாப்கினைத் திரும்பக் கொண்டுவர இரட்டைப் பை மூன்றும் பையின் மேல் அறையில் இருக்கட்டும். மாதவிலக்கு நாளாக இருந்தாலும் தாராளமாகப் போகலாம். கழிப்பறைக்கு ஒதுங்க நேரிடுமே என்று தண்ணீர் குடிக்காமல் நடப்பது மட்டும் கூடாது. அதனால் மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ஏழு வயசுப் பையனும் இருக்கான். கூட்டிட்டுப் போகலாமா?"

முழுப் பாதைக்கு வேண்டாம். கோல்சக் வரை மட்டும் போய்த் திரும்புவதே எட்டு மைல், 2,200 அடிக்கு மேல் ஏற்றம். நன்றாக நடக்கிற பெரியவர்களுக்குச் சரி.

அவர்களோடு லார்ச் பார்க்க வடக்கு கேஸ்கேட்ஸில் 20-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து ஏறும் ப்ளூ லேக் போங்கள். போய்வர 4.4 மைல், ஏற்றம் ஆயிரம் அடிதான், ஏரியைச் சுற்றி மஞ்சள் மரம். அதே சாலையில் மேப்பிள் பாஸ் சுற்றுப்பாதை சற்றே கடினம்: ஏழு மைலுக்குக் கொஞ்சம் மேல், 2,000 அடி ஏற்றம். இன்கால்ஸ் ஏரி ஒன்பது மைல், 2,500 அடி, ஏரிக்கு எதிரே ஸ்டூவர்ட் சிகரம் முழுசாகத் தெரியும். நாயைக் கூட்டிப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு: என்சான்ட்மென்ட்ஸில் கோல்சக் உட்பட நாய்க்கு அனுமதி இல்லை.

"மேலே ஏறிட்டா அப்புறம் இறக்கம்தானே, அதுல என்ன கஷ்டம்?"

எல்லாரும் தவறாகக் கணக்குப் போடுவது இங்கேதான். விவியன் ஏரியைத் தாண்டியதும் வழுக்குப் பாறைகள். சில இடங்களில் பாறையில் இரும்புக் கம்பி அடித்துப் படி போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஸ்னோ ஏரிகளிலிருந்து வாசல் வரை மட்டும் ஏறக்குறைய ஏழு மைல், 4,000 அடிக்கு மேல் இறக்கம். கால் தளர்ந்த பிறகு, பெரும்பாலும் இருட்டில்.

என் இரண்டாவது பயணத்தில் கூட வந்த தோழிக்கு நாடா ஏரியில் முழங்கால் மடக்க முடியாமல் போனது. மணி ஏழு. ஐந்து பேரில் இரண்டு பேரிடம்தான் ஹெட்லைட் இருந்தது. வெளிச்சம் உள்ளவர் முன்னும் பின்னும், மற்றவர்கள் நடுவில் என்று ஒரு மைலுக்கு ஒரு மணி நேரமாக இறங்கி, கார் அருகே வந்தபோது நள்ளிரவு. அதன் பிறகு ஆளுக்கு ஒரு ஹெட்லைட், மாற்று பேட்டரி, ஒரு ஜோடி ஊன்றுகோல் இல்லாதவரை நான் காரில் ஏற்றுவதில்லை. முழங்கால் பட்டையை, வலி தொடங்கும் முன்பே போடுங்கள்.

"போன வாரம் மேலே பனி பெஞ்சுதாம். மைக்ரோஸ்பைக் போட்டுட்டுப் போகலாம்ல?"

மைக்ரோஸ்பைக் என்பது காலணிக்கு அடியில் மாட்டும் சிறு இரும்பு முள் சங்கிலி. மேல் தளத்தின் சமதரையில் அது உதவும். ஆஸ்கார்டில் பாறை இடுக்குகளைப் புதுப்பனி மூடியிருந்தால் மைக்ரோஸ்பைக் போதாது. கால் எங்கே போகிறது என்றே தெரியாது, கல் அடையாளங்களும் மறைந்துவிடும். பனி, உறைந்த பாறை, மழை மூன்றில் எது முன்னறிவிப்பில் இருந்தாலும் நான் கணவாயை விட்டுவிடுவேன். லெவன்வர்த் ஊரின் வானிலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், 7,800 அடிக்கான முன்னறிவிப்பைத் தேடுங்கள். காட்டுத்தீப் புகை செப்டம்பரிலும் வரும், பாதையை மூடவும் செய்வார்கள். முந்தின நாள் மாலை வனத்துறை அறிவிப்பையும் காற்றுத் தரத்தையும் பாருங்கள்.

"சிக்னல் இருக்குமா?"

இருக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள், குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் போனை உள் பையில் உடம்போடு வையுங்கள். ஐபோன் 14 முதல் செயற்கைக்கோள் வழியாக அவசர உதவி கேட்க முடியும். பழைய போன் என்றால் குழுவுக்கு ஒரு செயற்கைக்கோள் கருவியாவது வேண்டும். எந்த வாசலில் நுழைகிறோம், எதில் வெளியே வருகிறோம், எத்தனை மணி வரை காத்திருந்துவிட்டு அவசர எண் 911-க்குச் சொல்ல வேண்டும் என்பதை வீட்டில் இருக்கிற ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

"ராத்திரியே வீட்டுக்கு வந்துடலாமா? காலைல மீட்டிங் இருக்கு."

வேண்டாம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பதினான்கு மணி நேரம் நடந்துவிட்டு, ஸ்டீவன்ஸ் கணவாய் வழியாக இரண்டரை மணி நேரம் இருட்டில் கார் ஓட்டுவது, மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருகிறது. லெவன்வர்த்தில் அறை எடுங்கள். கிடைக்காவிட்டால் வெனாட்சியில் பாருங்கள், அரை மணி நேரம்தான். அதுவும் முடியாதென்றால், மலைக்கு வராத ஒருவர் ஓட்ட வரட்டும். மீட்டிங்கை மதியத்துக்குத் தள்ளி வையுங்கள்.